கிட் குளோன் ஓடியது, பிப் மட்டும் மறுத்தது

சுங்கை சிப்புட்டில், வீட்டுக்குப் பின்னால் செம்பனை லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் இரண்டு மணி நேரமாக ஒரே வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்: ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’, அதாவது சாவி ஏற்கப்படாததால் அனுமதி இல்லை. எங்கள் பிரைவேட் ரெப்போவை (வெளியாருக்குத் திறக்காத நிரல் களஞ்சியம்) கிட் குளோன் என்ற நகலெடுக்கும் கட்டளை ஒழுங்காக இறக்கியது. அதையே பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் வழியாக இன்ஸ்டால் செய்தால்தான் இந்தப் பிழை.

எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பில் என்னை அடையாளம் காட்டும் சாவியைப் புதிதாக உருவாக்கி ஏற்றியும் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை. பழக்கத்தில் பிப்புக்கு முன்னால் சூடோ என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் பிப் என் பெயரில் இல்லாமல், ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் பெயரில் ஓடும். எஸ்எஸ்எச் ரூட்டின் கோப்புறையில் சாவியைத் தேடும். என் சாவியோ என் கோப்புறையில்!

ரூட்டுக்கும் சாவியை நகலெடுத்து வைக்கலாம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரைவேட் கீ என்கிற ரகசியச் சாவி ஓரிடத்தில் இருப்பதே நல்லது. அப்புறம் சூடோ தேவைப்படாதபடி, பைத்தான் வீஎன்வி என்ற தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையால் சாவியை நினைவில் ஏற்றி, சூடோ இல்லாமல் ஓட்டினேன். எல்லாம் இறங்கிவிட்டது.