தகரக் கொக்குக்கு எனாமல் அடிக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தம்பி மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு தகரக் கொக்குகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரெட் ஆக்சைடு டப்பா, கால் லிட்டர் வெள்ளை எனாமல். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. 15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை! துருவைத் தேய்க்கணும், தூசியைத் துடைக்கணும் என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஜிஐ தகட்டின்மேல் ரெட் ஆக்சைடும் எனாமலும்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அப்போது திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கேட்டில் வரிசையாகத் தாமரைப் பூ வேலை, எல்லாம் ஜிஐ, அதாவது கால்வனைஸ்டு இரும்புத் தகட்டில் வெட்டியது. "இரும்புன்னா ரெட் ஆக்சைடு, மேல எனாமல், அவ்வளவுதான் சார்" என்றார் கடைக்காரர். அடித்தேன். சில மாதம் பளபளவென்று இருந்தது. மழை முடிந்து பார்த்தால் பெயிண்ட் வாழைப்பட்டை மாதிரி கழன்று கையோடு வந்தது. அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. நான்தான் சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்து, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு அதே இரண்டையும் இன்னும் கெட்டியாக அடித்தேன். அடுத்த வருடமும் உரிந்தது. இரண்டு முறை காசு, இரண்டு முறை முதுகுவலி.

காரணம் தேய்ப்பதில் இல்லை. ஜிஐ தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அங்கே உண்டாகும் காரம், எனாமலில் இருக்கும் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவே சோப்பு இருந்தால் எது ஒட்டும்? சாதாரண ரெட் ஆக்சைடும் அதே எண்ணெய் வகைதான், அதனால் அது காப்பாற்றாது. இன்றும் பல கடைகளில் எந்த உலோகம் என்று கேட்காமலே அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஜிஐயா என்று கண்டுபிடிப்பது சுலபம். புதுத் தகட்டில் பூப்பூவாகப் படிகக் கோலம் தெரியும். பழசில் செந்துருவுக்குப் பதில் வெள்ளை மாவு படிந்திருக்கும். காந்தத்தை நம்ப வேண்டாம், இரும்பிலும் ஜிஐயிலும் ஒட்டும்.

பழைய பெயிண்டை முழுக்க எடுங்கள். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவிடுங்கள். நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும், துத்தநாகமே போகிற அளவுக்கு வேண்டாம். அப்புறம் ஜிஐக்கு என்று டப்பாவில் போட்டிருக்கிற எபாக்சி பிரைமர், இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிப்பது. வெயிலில் எபாக்சி மாவாக உதிரும், மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் கட்டாயம். விலை கூடுதல்தான். இரண்டு முறை உரித்தவனுக்கு அது பெரிதாகத் தெரியாது.

அடிப்பக்க ஓட்டையைப் பட்டி வைத்து அடைப்பது

உள்கூடாக இருக்கும் மயில், கொக்கு வயிற்றடியில் சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் வடியத்தான் அது. அழகுக்காக அடைத்தால் உள்ளே தண்ணீர் நின்று, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும்.

கடலோரத்தில் கழுவாமல் தேய்ப்பது

உப்புத்தாளுக்கு முன் உப்பைக் கழுவுங்கள். பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீரைத் தியாகம் செய்யலாம்.

பழைய பெயிண்டை உலர்ந்தபடி தேய்ப்பது

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்து கிரில் என்றால் நனைத்துத் தேய்த்து, மாஸ்க் போட்டு, குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள்.

எனாமல்மேல் என்.சி. தின்னர்

என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ். அந்தத் தின்னர் பட்டால் அடியில் இருக்கிற எனாமல் சுருங்கிவிடும்.

மார்கழிச் சாயங்காலம்

பனி. காலையில் அடியுங்கள், அதுவும் தகடு காய்ந்த அப்புறம்.

நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி ஒரு கொக்கை முடித்துவிட்டார். சரி, அதை அப்படியே விடச் சொன்னேன். இன்னொன்றுக்கு நான் எபாக்சி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.