வாஷிங் மெஷின் கதவு மூட மாட்டேன் என்கிறதா? ஓங்கிச் சாத்தும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் வீட்டு மெஷினின் கதவு ஒரு நாள் காலையில் அடம் பிடித்தது. தள்ளினால் போய் ஒட்டுகிறது, கையை எடுத்தால் திரும்பி வருகிறது. போனில் பேசிய மெக்கானிக் பார்க்காமலே, "லாக் போயிருக்கும் சார், புதுசு போட்டுடலாம்" என்றார். லாக் போகவில்லை. கீலின் மேல் ஸ்க்ரூ தளர்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்கிப் போயிருந்தது. காரணம் அம்மா. முழங்கால் வலிக்காரர். குனிந்து துணியை எடுத்துவிட்டு, திறந்து கிடக்கும் கதவை ஊன்றித்தான் எழுவார். ஐந்து வருடம் அப்படி எழுந்தால் எந்தக் கீல்தான் தாங்கும்?

இந்தப் பதிவு முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கானது. மேலே மூடி உள்ளவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும், பெரும்பாலான வேலைகளை நீங்களே செய்துவிடலாம்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

கதவை மெதுவாகச் சாத்திப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

கதவு சட்டம் வரை போகவே இல்லை, நடுவில் மெத்தென்று ஏதோ தடுக்கிறது: துணி அல்லது ரப்பர்.

கதவு போய் முட்டுகிறது, 'டொக்' என்று கட்டையான சத்தம் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை: கொக்கி, கீல், அல்லது லாக்கின் வாய் (மெஷின் முகப்பில் கொக்கி போய் நுழையும் துளை). பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது.

'டக்' என்று சுத்தமாகப் பிடிக்கிறது, ஆனால் மெஷின் ஓட மறுக்கிறது: கதவு மூடிவிட்டது, மெஷினுக்குத்தான் அது தெரியவில்லை. எல்ஜி, சாம்சங் மெஷின்களின் திரையில் அப்போது 'டிஇ' என்ற எழுத்துகள் வரும், சாம்சங்கின் புதிய மாடல்களில் 'டிசி'. பாஷ் மெஷினில் 'எஃப்16' என்று வந்தாலும் கதவு மூடப்படவில்லை என்றே பொருள்.

'டொக்'குக்கும் 'டக்'குக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூடவில்லை என்று இடுப்பால் இடிப்பதும், காலால் உதைப்பதும் வேண்டாம். இரண்டு ஸ்க்ரூவில் முடிய வேண்டிய வேலை, உடைந்த கொக்கியில் போய் முடியும்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஓடுவது 230 வோல்ட், நீங்கள் நிற்பதோ பெரும்பாலும் ஈரத் தரை. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். ஒரு டார்ச், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு பழைய துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மாடல்களில் ஆறு முனை நட்சத்திரத் தலை கொண்ட ஸ்க்ரூ இருக்கும். அதற்கு டார்க்ஸ் டி20 முனை வேண்டும், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மெஷின் வாரண்டியில் இருந்தால் பார்ப்பது, துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டுவிடுங்கள்.

துணியும் ரப்பரும்

டிரம்மில் துணி பிதுங்கி நிற்கிறதா? கதவுக் கண்ணாடி கிண்ணம் போல உள்நோக்கிக் குவிந்திருக்கும், அதற்கும் இடம் வேண்டும். துணிகளுக்கு மேலே உங்கள் கையை நிமிர்த்தி விடும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சரியான அளவு. ஜமுக்காளத்தோடு இரண்டு போர்வையையும் சேர்த்துத் திணித்துவிட்டுக் கதவைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்து டிரம் வாயைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ரப்பர். கேஸ்கெட் என்பார்கள். அதன் மடிப்புக்குள் விரலை விட்டு, கடிகாரச் சுற்றாக ஒரு முழுச் சுற்று வாருங்கள். ஊக்கு, சட்டைப் பட்டன், ஒரு ரூபாய் நாணயம், பிள்ளைகளின் ஒற்றை சாக்ஸ் என்று ஒரு சின்னப் பொருட்காட்சியே கிடைக்கும். ஊக்கு குத்தலாம், அதனால் முதலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விரலை விடுங்கள். கீழ்ப் பகுதியில் சோப்பும் பஞ்சும் சேர்ந்து களிம்பாக உறைந்திருக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள்.

ரப்பரின் வெளி விளிம்பு மெஷின் முகப்புத் தகட்டின் உதட்டில் எல்லா இடத்திலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்காவது கழன்று உப்பியிருந்தால், கதவு அதன் மேல்தான் போய் மோதும். கட்டைவிரல்களால் அழுத்தி மறுபடி உட்கார வையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், ரப்பர் ஊறிப் போகும்.

கொக்கி

'டொக்' கூட்டத்தினர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். கதவில் கீலுக்கு எதிர்ப்பக்கம், உள்விளிம்பில், வளைந்த மூக்கு போல ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் அதைத் தள்ளுங்கள். விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். சோர்ந்து போய்த் தள்ளிய இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது, அல்லது அதைத் தாங்கும் ஊசிக் கம்பி நழுவியிருக்கிறது. சில மாடல்களில் கொக்கி அசையவே அசையாது, ஸ்பிரிங் லாக்கின் உள்ளே இருக்கும். உங்களுடையது எது என்று சந்தேகமாக இருந்தால் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கைப்பிடியோடு கொக்கியும் நகர்ந்தால், அது அசையும் வகை.

உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் கொக்கியின் இடுக்கில் வெள்ளைப் படிவமும் துருவும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். டூத் பிரஷில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும்.

ஸ்பிரிங்கே கழன்றிருந்தால் கதவைப் பிரித்தாக வேண்டும். அதற்கு முன், கீல் ஸ்க்ரூக்களைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள். கதவை மெஷினிலிருந்து கழற்றி, கட்டிலில் விரித்த துண்டின் மேல் கண்ணாடியின் குவிந்த பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். விளிம்பைச் சுற்றி உள்ள ஸ்க்ரூக்களை எடுத்தால் கதவு இரண்டு வளையமாகப் பிரியும். மேல் வளையத்தைத் தூக்கும்போது ஒரு கை கொக்கியின் மேலேயே இருக்கட்டும். அரிசி மூட்டை தைக்கும் ஊசி அளவுக்கு ஒரு கம்பி, அதில் கோத்த குட்டி ஸ்பிரிங். அது தெறித்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும், நான் தேடியிருக்கிறேன். பிரித்ததும் அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கின் எந்தக் கால் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது அரைமணி நேரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

கொக்கி நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

அப்படியானால் அது துளைக்குள் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கியின் நுனியில் கொஞ்சம் ஈரக் குங்குமத்தைத் தொட்டு வையுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். மெஷின் முகப்பில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறது? துளையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்தால் கதவு தொங்கிவிட்டது. பார்த்ததும் துடைத்துவிடுங்கள், வெள்ளை வேட்டி எதுவும் அடுத்த ஈட்டில் காத்திருக்கலாம்.

இன்னொரு சோதனை: கதவைப் பாதி திறந்து, கொக்கிப் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். நல்ல கதவு அசையாது. ஆட்டம் இருந்தால், கீலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை தூக்குங்கள். மெஷின் உடம்பில் ஒட்டி நிற்க வேண்டிய கீல் தகடே அசைந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. தகடு அசையாமல் கதவு மட்டும் ஆடினால் கீலின் புஷ் (அச்சைச் சுற்றியுள்ள சின்ன உறை) தேய்ந்திருக்கிறது. அதற்குப் புதுக் கீல்தான் வழி.

ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் சரிசெய்வது சுலபம். கதவின் கீழே சரியான உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுங்கள். ஸ்க்ரூக்களை முழுக்க எடுக்காமல் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சில மெஷின்களில் முகப்புத் தகட்டின் பின்னால் ஒரு பட்டை இந்த ஸ்க்ரூக்களை நம்பித்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் எடுத்தால் அது உள்ளே விழுந்து, மெஷினையே பிரிக்க வேண்டிவரும். கொக்கி துளைக்கு நேராக வரும்வரை கதவைத் தூக்கிப் பிடித்து, மேல் ஸ்க்ரூவை முதலில் இறுக்குங்கள், அப்புறம் கீழே உள்ளவை. இதை இருவர் செய்தால் நல்லது, ஒருவர் தூக்க ஒருவர் முடுக்க. மறுபடி குங்குமச் சோதனை.

கீல் சரியாக இருந்தும் கொக்கி ஒதுங்கிப் போனால் மெஷின் நிற்கும் தரையைப் பாருங்கள். நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் நின்றால் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவும் விலகும். சக்கர ஸ்டாண்டில் ஏற்றி வைத்த வீடுகளில் இது சகஜம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மேலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் போதும். காலைத் திருகினால் உயரம் மாறும்.

லாக்கின் வாய்

துளைக்குள் டார்ச் அடியுங்கள். துணி நூல், பட்டன், குழந்தை செருகிய கிரேயான் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இடுக்கியால் எடுங்கள்.

உள்ளே கொக்கி பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு தெரியும். கொக்கி வந்து தள்ளும்போது அது நகர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது பென்சிலால் குத்தி விளையாடியிருந்தால், கதவு திறந்திருக்கும்போதே அந்த நாக்கு 'மூடிய' நிலைக்குப் போயிருக்கும். அப்புறம் கொக்கி எவ்வளவு முட்டினாலும் உள்ளே இடமில்லை. பிளக் பிடுங்கிய நிலையில், சிறிய ஸ்க்ரூடிரைவரின் நுனியால் நாக்கை மெதுவாகப் பழைய இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். நகர்ந்துவிட்டால் வேலை முடிந்தது. நகராமல் கிடந்தாலோ உடைந்திருந்தாலோ லாக்கை மாற்ற வேண்டும்.

'டக்' சத்தம் வந்தும் ஓடாத மெஷினுக்கும் இதே இடம்தான். ஆனால் அதற்கு முன் சைல்டு லாக் விழுந்திருக்கிறதா பாருங்கள், பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டுமே உதவவில்லை என்றால் லாக்கின் உள்ளே உள்ள சுவிட்சோ அதன் ஒயரோதான்.

லாக்கை மாற்றும் முறை இதுதான். ரப்பரின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு கம்பி வளையம் இருக்கும், அதில் ஒரு ஸ்பிரிங். நோஸ் பிளையரால் ஸ்பிரிங்கை இழுத்து வளையத்தை எடுங்கள். ரப்பரின் அந்தப் பக்கத்தை உரித்து டிரம்முக்குள் மடித்து விடுங்கள். துளையின் மேலும் கீழும் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது, மறு கையை ரப்பருக்குப் பின்னால் விட்டு லாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே விழும். வெளியே எடுத்து, ஒயர் இணைப்பை போட்டோ எடுத்த பிறகு கழற்றுங்கள். புது லாக்கைக் கடையில் பெயர் சொல்லி வாங்காதீர்கள். கதவு விளிம்பிலோ மெஷினின் பின்னாலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், பழைய லாக்கையும் கையோடு கொண்டு போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒயர் மாட்டும் பின்களின் வரிசை மாறும்.

லாக் சுவிட்சின் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மெஷின் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழலும் டிரம் அது, கதவு திறந்திருந்தால் வீட்டில் ஒரு குழந்தையின் கை அதற்குள் போக ஒரு நொடி போதும்.

மேலே மூடி உள்ள மெஷின்கள்

டாப் லோடில் கதவு தொங்கும் பிரச்சினை கிடையாது. மூடியின் பின்பக்கக் கீலில் சோப்புத்தூள் கட்டிப் போயிருக்கும், அல்லது மூடி விளிம்பில் துணி சிக்கியிருக்கும். மூடிய பிறகும் 'மூடி திறந்திருக்கிறது' என்று மெஷின் சொன்னால், மூடியில் உள்ள காந்தமோ சுவிட்சை அழுத்தும் பிளாஸ்டிக் முனையோ உடைந்திருக்கிறதா பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் பக்கத்தின் மூடி சரியாக உட்காராவிட்டால் டப்பா சுற்றாது. உள்மூடி கோணலாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எதைச் சரிசெய்திருந்தாலும் உடனே துணியைப் போட்டுவிடாதீர்கள். கதவுக்குக் கீழே தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, காலி மெஷினில் ஒரு ரின்ஸ் மட்டும் ஓட விடுங்கள். ரப்பரைத் தொட்டிருந்தால் கீழ்ப் பாதியைக் கவனியுங்கள், கசிவு அங்கேதான் தலைகாட்டும். தாள் காய்ந்தே கிடந்தால் துணியைப் போடலாம். எங்கள் வீட்டில் மெஷின் பக்கத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறோம். அம்மா அதை ஊன்றித்தான் எழுகிறார்.