பெயர் எழுதும் நோட்டை எடுத்த பிறகு

எங்கள் மாணவர் விடுதியில் இரவுப் படிப்பு நேரம் 3 வாரங்களாகக் கட்டுக்கடங்காமல் இருந்தது. கூடத்தைக் கவனிக்கும் மாணவத் தலைவர்களை மாற்றினேன், வாரம் ஒருவராக முறைவைத்தும் பார்த்தேன், பயனில்லை. பேசுவோர் பெயரை எழுதும் நோட்டைப் புரட்டியபோதுதான், தலைவர் யாராக இருந்தாலும் அதில் 6-ஆம் வகுப்புச் சிறுவர்களின் பெயர்களே நிறைந்திருந்ததையும், 11-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் பெயர்கூட இல்லாததையும் கவனித்தேன். மூத்த மாணவர்களின் பெயரை எழுதத் தலைவர்கள் அஞ்சினார்கள். நாங்கள் கொடுத்திருந்த பொறுப்போ புகார் எழுதுவது ஒன்றுதான். அது தலைமைப் பயிற்சியே அல்ல.

நோட்டை எடுத்துவிட்டு, 11-ஆம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரிடமும் 4 சிறுவர்களை ஒப்படைத்து, அவர்கள் சாப்பிட்டார்களா, வீட்டுப்பாடம் முடித்தார்களா, உடல்நலம் எப்படி என்பதை இரவு 9 மணிக்கு என்னிடம் நேரில் சொல்லச் செய்தேன். பத்தாம் நாள் கூடம் அடங்கியது, எனக்கு நிம்மதி. ஒரு சிறுவனின் காய்ச்சலை எனக்கு முன்பே அவனுடைய பொறுப்பு அண்ணன் கண்டறிந்து வந்து சொன்னான்.