கடை ஃப்ரீசரில் எதை அடுக்குவது?

மாசி பிறந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் கடைக்கு வந்து நின்று, "நானும் ஐஸ்கிரீம் வைக்கலாம்னு இருக்கேன், எந்தக் கம்பெனி நல்லா ஓடும்?" என்று கேட்பார். கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தெருமுனையில் பதினான்கு வருடமாக மளிகையோடு ஐஸ்கிரீமும் விற்கிறேன். கம்பெனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார், எத்தனை மணிக்கு, எதைக் கேட்டு வருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஃப்ரீசர் வாங்கும் முன்பே இரண்டு வாரம் எழுதுங்கள். பக்கத்துக் கடை வாசலில் நின்று பார்த்தாலும் தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் நோட்டில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: 4.10க்குப் பள்ளிக்கூடம் விட்டது, பத்து ரூபாய் கோன் 23, மேங்கோ குச்சி ஐஸ் 17. ஆறு மணிக்கு கோச்சிங் முடிந்து வந்த பெண்கள், சாக்லேட் பூச்சுப் போட்ட குச்சி 5. ஒன்பதரைக்கு பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டி, ஒரு பட்டர்ஸ்காட்ச் டப்பா. இடையில் முப்பது, நாற்பது ரூபாய் கப் விற்றது மொத்தமே நான்கு.

முன்பெல்லாம் அந்த நடுத்தர விலைக் கப்தான் என் கடையின் சோறு. இப்போது ஒரு பக்கம் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை. இன்னொரு பக்கம் வீட்டுக்கு வாங்கிப் போகும் பெரிய டப்பா. நடுவில் இருப்பது மெலிந்துகொண்டே போகிறது. ஆகவே முதல் லோடு எடுக்கும்போது ஃப்ரீசரை மனதுக்குள் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு பத்து, இருபது ரூபாய்ச் சரக்கு, ஒரு பங்கு டப்பா. மீதி ஒன்றில் கப், கசாட்டா, குல்ஃபி எல்லாம் கலந்து வைக்கலாம். ஏஜென்ட் புது ஐட்டம் என்று எதைக் காட்டினாலும் அந்த நான்காவது பங்குக்குள்தான் அதற்கு இடம்.

டப்பா விற்பனைக்கு அரசாங்கமும் கொஞ்சம் கைகொடுத்தது. ஐஸ்கிரீமுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற டப்பாவில் வரிக்குறைப்பு முழுவதும் இறங்கினால் 105 ஆகும். பத்து ரூபாய்க் கோனில் இது கண்ணுக்கே தெரியாது. ஒரு லிட்டர் டப்பாவில் தெரிகிறது. அரை லிட்டர் வாங்கியவர்கள் சிலர் இப்போது லிட்டரே கேட்கிறார்கள். ஆனால் பெருநகரத்தில் கடை வைப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் என் நாத்தனார் மகள் இரவு பதினொரு மணிக்கு ஃபோனைத் தட்டுகிறாள், பத்து நிமிடத்தில் டப்பா வாசலுக்கு வந்துவிடுகிறது. பிளிங்கிட், ஸெப்டோ ஓடும் தெருவில் கடைக்காரருக்கு மிஞ்சுவது நின்ற இடத்தில் பிரித்துத் தின்னும் சரக்குதான். அங்கே டப்பாவைக் குறைத்துக் கோனைக் கூட்டுங்கள்.

அடுத்தது லேபிள். முன்பு இதை யாரும் பார்த்ததில்லை. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, இது ஐஸ்கிரீமா, ஃப்ரோசன் டெசர்ட்டா?" என்கிறார்கள். பதில் தெரியாமல் நான் ஒருமுறை முழித்திருக்கிறேன். நீங்கள் முழிக்க வேண்டாம். ஐஸ்கிரீம் என்று மட்டும் போட்டு விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் மாதிரி தாவர எண்ணெய் சேர்த்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்று போட்டாக வேண்டும். 2017இல் ஃப்ரோசன் டெசர்ட்டைக் குறை சொன்ன அமுல் விளம்பரத்தை எதிர்த்து, அதை விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போனது இந்த விஷயத்துக்காகத்தான். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி வராத கதை இல்லை. ஃப்ரோசன் டெசர்ட் ஒன்றும் விஷம் அல்ல, சட்டப்படி விற்கும் பண்டம். இரண்டையும் வையுங்கள்; கேட்டால் எது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதால் எனக்கு ஒரு விற்பனையும் போனதில்லை.

இன்னொரு வேலையும் செய்து பாருங்கள். டப்பாவை எடைத் தராசில் வையுங்கள். ஐஸ்கிரீமை மில்லி கணக்கில் விற்கிறார்கள், ஆனால் அதில் காற்றும் அடித்திருக்கும். காற்றே இல்லாவிட்டால் அது கல் மாதிரி இறுகிக் கரண்டி இறங்காது, அதனால் காற்று ஏமாற்று இல்லை. எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி. ஒரே விலையில் இரண்டு கம்பெனி டப்பாக்களை நான் நிறுத்துப் பார்த்ததில் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. கனமான டப்பாவைத்தான் தெரிந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் திரும்பி வருகிறார்கள்.

சர்க்கரை இல்லாத ஐஸ்கிரீம், புரோட்டீன் ஐஸ்கிரீம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் தெருவில் இதைக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் வாங்குபவர் ஒருவர். போன வருடம் ஆசைப்பட்டு சுகர்ஃப்ரீ டப்பா நான்கு எடுத்தேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதால்தான். வந்ததும் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விலையைப் பார்த்தார்.

"இது என்னம்மா, சர்க்கரை இல்லாததுக்கு இவ்வளவு விலையா?"

"அப்படித்தான் சார் வருது."

"அந்தச் சின்ன வெனிலா கப்பைக் குடு. பாதிதான் சாப்பிடுவேன்."

பாதியை வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. சென்னை, பெங்களூரில் இந்தச் சரக்கு ஓடலாம். உங்கள் ஊரில் ஒரே ஒரு டப்பா வைத்துப் பாருங்கள், அது போன பிறகு அடுத்தது. கேட்பவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் இனிப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. பாலிலேயே சர்க்கரைச் சத்து உண்டு. சில டப்பாக்களில் சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற இனிப்பைச் சேர்ப்பார்கள்; அதை அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு இளகும்.

ருசி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது பழ ஐஸ்கிரீம்தான். வெனிலாவும் பட்டர்ஸ்காட்ச்சும் எப்போதும் போகும், அதற்கு யோசனையே தேவையில்லை. ஆனால் இளநீர், சீதாப்பழம், பலா என்று கேட்கிற கூட்டம் புதிது. இந்த ருசியை நாடெங்கும் பிரபலமாக்கியதில் பெரிய பங்கு நேச்சுரல்ஸ் ஐஸ்கிரீம் கம்பெனியைத் தொடங்கிய ரகுநந்தன் காமத்துக்கு உண்டு. மங்களூர்ப் பக்கம் பழ வியாபாரியின் மகன். 1984இல் மும்பை ஜுஹுவில் கடை திறந்தபோது வெறும் ஐஸ்கிரீமுக்கு ஆள் வருமோ என்று பாவ் பாஜியும் சேர்த்து விற்றார். புதுக் கடைக்காரர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வது பாவ் பாஜிக்காகத்தான். ஐஸ்கிரீமை மட்டும் நம்பிக் கடை போடாதீர்கள், பக்கத்தில் தினமும் ஓடும் ஒரு சரக்கு இருக்கட்டும். நம் ஊர் அருண் ஐஸ்கிரீமும் 1970இல் சென்னையில் சின்னதாக ஆரம்பித்தது. அதைத் தொடங்கிய சந்திரமோகன் பெரிதாக்கியது, பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களுக்குச் சரக்கைக் கொண்டுபோய்த்தான்.

சரி, ஃப்ரீசர். கம்பெனி கொடுக்கும் ஃப்ரீசர் என்றால் டிப்பாசிட் கட்டினால் போதும், ஆனால் அதில் அவர்கள் சரக்கு மட்டும்தான் வைக்கலாம். சொந்தமாக வாங்கினால் உள்ளூர்க் கம்பெனி ஐஸ்கிரீமும் சேர்த்து வைக்கலாம். என் யோசனை, முதல் வருடம் கம்பெனியுடையது, நோட்டு நிறைந்த பிறகு சொந்தம். எதுவானாலும் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் உள்ளேயே கிடக்கட்டும். வெயில் விழாத இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உள்ளே போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு சித்திரை மாதத்தில். டெலிவரி வண்டி மதியம் மூன்று மணிக்கு வந்தது. அவசரத்தில் பார்க்காமல் அடுக்கிவிட்டேன். மறுநாள் ஒரு பையன் கோனைப் பிரித்தால் கிரீம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருக்கிறது, மேலே நறநறவென்று ஐஸ் துகள். வழியிலேயே உருகித் திரும்ப உறைந்த சரக்கு. நாற்பது பெட்டியில் பாதியைக் கொட்டினேன். ஏஜென்ட் ஃபோனையே எடுக்கவில்லை. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குள் வந்தால்தான் லோடு இறக்குவேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் வண்டியிலேயே திரும்பிப் போகும். கோன் பெட்டி என்றால் ஒன்றைப் பிரித்தே பார்த்துவிடுவேன், பத்து ரூபாய் போனால் போகட்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பயந்து ஃப்ரீசரை அணைத்துவிடுபவர்கள் உண்டு. முன்பு நானும் அணைத்தேன். இப்போது மழையிலும் ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு டப்பா கேட்கிறார்கள், முகூர்த்த நாளுக்குக் கப் ஆர்டர் வருகிறது. மார்கழியில்தான் கல்யாணம் கிடையாது, கை ஓயும். அந்த மாதத்தில் ஒரு நாள் சரக்கையெல்லாம் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, கரன்ட்டை நிறுத்தி, சுவரில் படிந்த ஐஸைத் தானாகவே உருக விடுங்கள். கத்தி வைத்துச் சுரண்டினால் உள்ளே கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும். போன மார்கழியில் நான் கழுவியபோது அடியில் அந்த சுகர்ஃப்ரீ டப்பாக்கள் மூன்று கிடந்தன. ஒன்றை வாத்தியாருக்கு அசல் விலைக்கே கொடுத்தேன். இரண்டு இன்னும் இருக்கிறது.