நிரலில் பெயரை மாற்றும்போது அதைச் சுட்டும் குறிப்புகள் அறுந்துபோகாமல் இருக்க

நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇயில், கிளாஸ், மெத்தட் போன்ற ஒன்றின் பெயரை மாற்ற ரீநேம் கொடுத்தால் (இன்டெலிஜேயில் ஷிஃப்ட்+எஃப்6, எக்ளிப்ஸில் ஆல்ட்+ஷிஃப்ட்+ஆர், விஎஸ் கோடில் எஃப்2) அந்தப் பெயரைச் சுட்டும் இடங்கள் எல்லாம் சேர்ந்து மாறும். ஆனால் எந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்று ஐடிஇக்குத் தெரிந்த இடங்கள் மட்டுமே மாறும். மற்றவற்றை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் கையிலிருக்கும் மாற்றங்களை கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்துவிடுங்கள். ப்ராஜெக்ட் பிழையின்றி பில்ட் ஆகிறதா, இன்டெக்ஸிங் (ஐடிஇ கோப்புகளைப் படித்துப் பெயர்ப் பட்டியல் தயாரிப்பது) முடிந்ததா என்று பாருங்கள். திறக்கப்படாத மாட்யூலில் உள்ள குறிப்பு ஐடிஇயின் கண்ணில் படாது.

பிறகு ரீநேம் கொடுத்து ப்ரிவ்யூவைத் திறங்கள். கமென்ட், ஸ்ட்ரிங்குகளிலும் தேடும் வசதியைப் போட்டிருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. 'ஸ்டேட்டஸ்' போன்ற பொதுப்பெயர் என்றால் தொடர்பே இல்லாத ஸ்ட்ரிங்குகளும் பட்டியலில் வந்து நிற்கும்; அவற்றை ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

இன்டர்ஃபேஸில் உள்ள மெத்தடை, அதைச் செயல்படுத்தும் கிளாஸிலிருந்து மாற்றினால், மூல மெத்தடையும் மாற்றவா என்று ஐடிஇ கேட்கும். பெரும்பாலும் ஆம் என்பதே சரி. சாதாரண கிளாஸை நீட்டிக்கும்போது இல்லை என்று சொன்னால் ஆபத்து அதிகம்: ஓவர்ரைடு அன்னோட்டேஷன் (தாய் கிளாஸின் மெத்தடை மாற்றி எழுதுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி) இல்லாவிட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது, தாய் கிளாஸின் பழைய மெத்தடே ஓடிக்கொண்டிருக்கும். அந்த அன்னோட்டேஷனை எப்போதும் எழுதுங்கள்.

பில்ட் வெற்றி பெற்றதும் நிறுத்திவிடாதீர்கள். பழைய பெயரை கிட் கிரெப் என்ற தேடல் கட்டளையில் போட்டு ரெபாசிட்டரி (ப்ராஜெக்டின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) முழுவதும் தேடுங்கள். ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரை வைத்து கிளாஸைத் தேடுவது) ஸ்ட்ரிங்காகக் கொடுத்த கிளாஸ் பெயர், எக்ஸ்எம்எல், யாம்ல் அமைப்புக் கோப்புகள், ஸ்ட்ரிங்காக எழுதிய க்வெரிகள், டெம்ப்ளேட்டுகள், பில்ட் ஸ்க்ரிப்ட்டுகள் ஆகியவற்றில்தான் அது ஒளிந்திருக்கும். இவை கம்பைல் நேரத்தில் அல்ல, ஓடும்போதுதான் உடையும்.

தேடினாலும் கிடைக்காத வகையும் உண்டு. ஜாவா தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜாக்சன் போன்ற லைப்ரரி, ஃபீல்ட் அல்லது கெட்டர் மெத்தடின் பெயரை வைத்தே ஜேசன் சாவியை உருவாக்குகிறது. பெயர் மாறினால் சாவியும் மாறும். அதை எதிர்பார்க்கும் மறுமுனை வேறு ரெபாசிட்டரியில் இருக்கும். ஜேசன்ப்ராப்பர்ட்டி அன்னோட்டேஷனில் பழைய சாவியை எழுதி வைத்தால் போதும். டேட்டாபேஸ் நெடுவரிசைப் பெயருக்கும் இதே கவனம் தேவை.

பிறர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் பழைய மெத்தடை நீக்காமல் டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, அது புதிய மெத்தடை அழைக்கும்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய பதிப்போடு கம்பைல் ஆன ஜாவா நிரல், நோசச்மெத்தட்எரர் என்று நின்றுவிடும்.

கடைசியாக, பெயர் மாற்றத்தைத் தனி கமிட்டாக வையுங்கள். கோப்பின் உள்ளடக்கம் குறைந்தது 50% ஒத்திருந்தால்தான் கிட் அதை வழக்கமாகப் பெயர் மாற்றம் என்று காட்டும். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாறுகிறதென்றால் கிட் எம்வி கட்டளையைப் பயன்படுத்துங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒரே கோப்பாகவே பார்க்கும், லினக்ஸ் சர்வரில்தான் இம்போர்ட் உடையும்.