ஃபர்ம்வேர்ல புது சாம்பிள் ரேட் சேர்க்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

ஆடியோ ஃபர்ம்வேர்ல சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை சாம்பிள்ங்கிறது) 48 கிலோஹெர்ட்ஸ்ல நல்லா ஓடுது, இப்ப 44.1ம் வேணும்னு கேப்பாங்க, உடனே டேபிள்ல ஒரு வரி சேர்த்தா போதும்னு நிறைய பேர் இறங்கிடுறாங்க. அது போதாது, ஒரு ரேட்டை இன்னொரு ரேட்டா மாத்துற ஃபில்டரும் வேணும். 48ல இருந்து 16க்கு வர்றதுன்னா மூணுல ஒண்ணு, அவ்ளோதான், ஆனா 44.1ல இருந்து 48க்கு விகிதம் 160/147. ஒரே ஃபில்டரா போட்டா 160 ஃபேஸ் (ஃபில்டரோட துணைப் பிரிவு), ஒவ்வொண்ணுக்கும் 32 டேப்னு வச்சாலே 5,120 கோஎஃபிஷியன்ட் (ஒவ்வொரு டேப்லயும் சாம்பிளை பெருக்குற எண்), 32 பிட்ல 20 கேபி அதுக்கே போயிடும். சின்ன டிஎஸ்பில (சிக்னல் ப்ராசஸர் சிப்) இவ்ளோ மெமரிய இதுக்கு குடுக்கவே கூடாது. முதல்ல 8/7, அப்புறம் 20/21னு ரெண்டு ஸ்டேஜா பிரிங்க, நடுவுல 50.4 கிலோஹெர்ட்ஸ் வரும், பரவால்ல, மொத்தமே 28 ஃபேஸ்தான். சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்ங்கிற ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட்லயும் இப்படி ரெண்டு ஸ்டேஜ்தான், கோஎஃபிஷியன்ட் எல்லாம் ஸ்க்ரிப்ட் ஓட்டி ஹெடர் ஃபைலா எடுக்குறாங்க, அதை கையால திருத்தாதீங்க.

பழைய ஃபில்டரையே திரும்ப யூஸ் பண்றது அடுத்த தப்பு. 24க்கு இறக்க போட்ட ஃபில்டரை 16க்கும் வச்சா 10 கிலோஹெர்ட்ஸ் டோன் உள்ள புகுந்து 6 கிலோஹெர்ட்ஸா மடங்கி வரும், வந்தப்புறம் எதாலயும் எடுக்க முடியாது. 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணா இது தெரியவே தெரியாது, ஸ்வீப் (கீழ இருந்து மேல வரை எல்லா அதிர்வெண்ணும் வர்ற டோன்) போட்டே ஆகணும்.

ரொம்ப பேர் மாட்டுறது பிளாக் சைஸ்லதான், அதாவது ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் எடுக்குறோம்ங்கிறதுல. 44.1ல 1 மில்லிசெகண்டுக்கு 44.1 சாம்பிள், அரைகுறை சாம்பிள்னு ஒண்ணு கிடையாது, அதனால ஒன்பது தடவை 44, ஒரு தடவை 45 வரணும், ஃபுல் ஸ்பீட் யூஎஸ்பி ஆடியோவும் இப்படித்தான் அனுப்புது. 44னு ஹார்ட்கோட் பண்ணிட்டா செகண்டுக்கு 100 சாம்பிள் காணாம போய் கிளிக் கிளிக்னு சத்தம் வரும். பஃபரை எப்பவும் பெரிய எண்ணுக்கே ஒதுக்குங்க, ஃபில்டரோட ஹிஸ்டரிய (அது வச்சிருக்குற பழைய சாம்பிள்களை) பிளாக்குக்கு பிளாக் அழிக்காதீங்க. ஃபேஸ் கணக்கை ஃப்ளோட்ல வைக்காதீங்க, ஓட ஓட நகர்ந்துடும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 147 கூட்டு, 160ஐ தொட்டாலோ தாண்டினாலோ 160ஐ கழிச்சுட்டு அடுத்த இன்புட்ட எடு, முழு எண்ல துல்லியமா நிக்கும்.

இன்புட், அவுட்புட் ரெண்டு பக்கமும் தனித்தனி கிறிஸ்டல்னா (கிளாக் குடுக்குற பார்ட்) இந்த நிலையான விகிதம் வேலைக்கே ஆகாது. 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வித்தியாசம் இருந்தா 48ல செகண்டுக்கு 4.8 சாம்பிள் நகரும், பஃபர்ல 240 சாம்பிள் இடம் விட்டிருந்தாலும் 50 செகண்ட்ல தீர்ந்துடும், 10 செகண்ட் டெஸ்ட்ல எல்லாம் பாஸ்னுதான் காட்டும். அங்க விகிதத்தை ஓடும்போதே திருத்துற அசின்க்ரனஸ் கன்வர்ட்டர்தான் போடணும்.