முன்பின் தெரியாத பையருக்கு முதல் மெயில் எழுதுவது எப்படி?

திருப்பூரில் சின்னதாக ஒரு டி-ஷர்ட் யூனிட் நடத்துகிறீர்கள், வெளிநாட்டில் ஒரு பையரையும் (சரக்கை மொத்தமாக வாங்கும் நிறுவனத்தாரை) தெரியாது, மெயில் போட்டே ஆர்டர் பிடிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் "டியர் சார், நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்" என்று ஆயிரம் பேருக்குத் தட்டிவிட்டால் நடக்காது. 20 பேரை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் முகவரி. சொந்த டொமைனில் மெயில் வேண்டும். அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துத் தரும்படி வெப்சைட் செய்தவரிடம் சொல்லுங்கள். மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு இவைதான் அத்தாட்சி. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது.

அடுத்து பட்டியல், பாதி வேலை இங்கேதான். காசு கொடுத்து வாங்கும் பட்டியலைத் தொடாதீர்கள். பிராண்டின் தளத்துக்குப் போய் என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), எந்த நாட்டில் தைத்தது, ஆர்கானிக் என்றால் என்ன சான்றிதழ் என்று பாருங்கள், அப்புறம் லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் சோர்சிங் ஆளை, அதாவது சரக்கை யாரிடம் வாங்குவது என்று பார்ப்பவரைத் தேடுங்கள், ஏனென்றால் பொது முகவரிக்குப் போகும் மெயிலை யாரும் பொறுப்பாகப் படிப்பதில்லை.

நாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெயிலில் உங்கள் தபால் முகவரியும், இனி வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும், பொய்யான தலைப்பு கூடாது. (பழைய பேச்சின் தொடர்ச்சிபோல 'ரீ:' போடும் தந்திரமும் அதில் அடங்கும்.) ஜெர்மனியில் நிறுவனத்துக்குக்கூட முன் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது, அங்கே தபாலில் கடிதம் போடுங்கள்.

இப்போது எழுதலாம். ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் இவ்வளவுதான்:

"உங்கள் குழந்தைகள் டி-ஷர்ட் 180 ஜிஎஸ்எம் ஆர்கானிக் காட்டனில் இருப்பதைப் பார்த்தேன். அதே துணியில் ஒரு நிறத்துக்கு 300 பீஸிலிருந்து தைத்துத் தருகிறோம். சாம்பிள் ஒன்று அனுப்பட்டுமா?"

ஒரே ஒரு கேள்வி, அதுவும் சரி என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடியது. 300 என்பது உதாரணத்துக்கு. துணிக்குச் சாயம் போடும் டையிங்காரர் ஒரு நிறத்துக்குக் குறைந்தது எத்தனை கிலோ துணி எடுப்பார் என்று கேட்டுவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் வந்த பிறகு முழிக்க வேண்டியதுதான். சான்றிதழ் இல்லையென்றால் இருப்பதாக எழுதவே கூடாது, பையர் நம்பரைக் கேட்டு ஆன்லைனில் சரிபார்த்துவிடுவார். கனமான கேட்லாக்கை இணைக்காதீர்கள், கேட்டால் அனுப்பலாம்.

லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 2.30, கோடையில் 1.30. அந்த நேரத்துக்கு அனுப்புங்கள். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.

பதில் இல்லையா? ஒரு வாரம் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாக, துணியின் போட்டோ மாதிரி புதிதாக ஏதாவது ஒன்றோடு இரண்டு வரி எழுதுங்கள். இன்னொரு முறை, அத்தோடு விட்டுவிடுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம், 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, படிக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டக்கூடும். பதில்களை மட்டும் எண்ணுங்கள்.

யாராவது விலை கேட்டால் அன்றைக்கே தூத்துக்குடி எஃப்ஓபி விலையையும் (அந்தத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரை ஆகும் செலவு சேர்த்த விலை) சாம்பிள் தரும் தேதியையும் அனுப்பிவிடுங்கள்.